முதல் இருபது செகண்ட் மட்டும் வாசிக்கிற மணிக்கூடு

கேள்வி: அண்ணா, பழைய பிசி போர்ட் ஒண்டுல லினக்ஸ் போட்டு, எஸ்எம்பஸ் (போர்டில இருக்கிற சிப்புகள் ரெண்டு வயரில பேசிக்கொள்ளுற லைன்) பின்னுல டிஎஸ்3231 மணிக்கூட்டு மொடியூல் கொழுவியிருக்கன். ஹெக்ஸ் (பதினாறின் அடி எண்) 68 எண்ட விலாசத்தில சிப் தெரியுது. நான் எழுதின டிரைவர் பிளாக் ரீட் (பல பைட்ட ஒரே தடவையில வாசிக்கிறது) செய்யுது, ஆனா ஒவ்வொரு நிமிஷத்திலயும் முதல் கொஞ்ச நேரம்தான் வாசிக்குது, பிறகு எரர். வாசிச்சாலும் செகண்ட் வரவேண்டிய இடத்தில நிமிஷம் வருது. மொடியூல் பழுதா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: மொடியூல் நல்லாத்தான் இருக்கு தம்பி, புறக்கோட்டைக்கு ஓடி இன்னொண்டு வாங்க வேணாம். நீங்க கூப்பிட்டது எஸ்எம்பஸ் பிளாக் ரீட், அதில முதல் வாற பைட்ட கன்ட்ரோலர் "எத்தன பைட் வருது" எண்டு எடுத்துக்கொள்ளும். உங்கட சிப் அனுப்புற முதல் பைட் செகண்ட், அதுவும் பிசிடியில, அதாவது 20 செகண்ட் எண்டா ஹெக்ஸ் 20 எண்டு அப்படியே எழுதுற முறையில. அளவு 1 முதல் 32 வரைக்கும்தான் செல்லும், 32 எண்டா ஹெக்ஸ்ல 20, அதால செகண்ட் 1ல இருந்து 20 வரைக்கும் ஓடும், 21 வந்த உடன எரர், 00லயும் எரர்தான். செகண்ட அளவா விழுங்கினதால நிமிஷம் ஒரு இடம் முன்னுக்கு வந்து நிக்குது.

உங்களுக்கு வேண்டியது ஐ2சி பிளாக் ரீட், அது வேற, அதில எத்தன பைட் எண்டு நீங்கதான் சொல்லுவீங்க, சிப் இல்ல. பழைய எஸ்எம்பஸ் கன்ட்ரோலர் கனக்க அத செய்யாது, ஐ2சிடிடெக்ட் எண்ட கமாண்ட்ட மைனஸ் பெரிய எஃப் போட்டு ஓட்டினா கன்ட்ரோலருக்கு எது ஏலும் எது ஏலாது எண்டு காட்டும். டிரைவரும் தொடங்கக்குள்ளயே அத கேட்டுப் பாக்கணும், இல்லாட்டி பைட் பைட்டா வாசிக்கணும்.

பைட் பைட்டா வாசிக்கிறதில ஒரு உண்மையான ஆபத்து இருக்கு, இத தயவுசெஞ்சு லேசா எடுக்க வேணாம். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் (வாசிப்பு தொடங்குற சிக்னல்) சிப் அந்த நேரத்த புதுசா பிடிச்சு வைக்கும். ஏழு பைட்டையும் ஒரே மூச்சில எடுத்தா எல்லாம் ஒரே கணத்துக்குரியது, தனித்தனியா எடுத்தா அப்படி இல்ல. 10:59:59ல செகண்டையும் நிமிஷத்தையும் எடுத்துட்டு, மணிய எடுக்க முதல் நேரம் மாறினா 11:59:59 எண்டு வரும், ஒரு மணித்தியாலம் கூட. வாசிக்க எடுக்கிறது சில மில்லிசெகண்ட்தானே எண்டு நினைப்பீங்க, ஆனா ஹெச்டபிள்யூகிளாக் (லினக்ஸில மணிக்கூட்டு சிப்ப வாசிக்கிற கமாண்ட்) இன்டரப்ட், அதாவது செகண்ட் மாறிட்டு எண்டு சிப் தானா குடுக்கிற சிக்னல், இல்லாத இடத்தில செகண்ட் மாறுற வரைக்கும் திரும்பத் திரும்ப வாசிச்சுக்கொண்டே இருக்கும், அதால சரியா அந்த மாறுற கணத்திலயே மாட்டுற சான்ஸ் நல்லாவே இருக்கு. மணிக்கூட்ட யூடிசியில (உலகப் பொது நேரம்) வச்சிருந்தா, அதில நள்ளிரவு தாண்டி திகதி பிழைக்கிற நேரம் கொழும்பில விடிய 5:30.

வழி லேசு: செகண்ட வாசிங்க, மத்ததெல்லாம் வாசிங்க, திரும்ப செகண்ட வாசிங்க, ரெண்டும் ஒண்டு இல்லாட்டி முதல்ல இருந்து. எழுதக்குள்ள செகண்ட முதல்ல எழுதுங்க, அது உள்ள ஓடுற கவுண்டர ரீசெட் பண்ணும், மிச்சத்த ஒரு செகண்டுக்குள்ள எழுதி முடிச்சிடணும்.

இன்னொண்டு, இந்த மொடியூல்கள் சிலதில பேட்டரிய சார்ஜ் பண்ற சர்க்கிட் இருக்கு. சாதாரண சிஆர்2032, அதாவது சார்ஜ் பண்ணக்கூடாத பேட்டரி, போட்டிருந்தா அந்த சர்க்கிட்டில இருக்கிற ரெசிஸ்டர கழட்டிட்டு கரண்ட் குடுங்க.