கத்தியின் கூர் எந்தப் பக்கம்?

கேள்வி: விருந்துக்கு மேஜை தயார் செய்யும்போது ஃபோர்க், கத்தி, ஸ்பூன் வரிசை குழம்பிவிடுகிறது. நாப்கினை எங்கே வைப்பது?

பதில்: முதலில் தட்டுகள். ஒரு தட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 60 செ.மீ. இருந்தால் முழங்கை இடிக்காது. ஃபோர்க் இடப்பக்கம். வலப்பக்கம் தட்டை ஒட்டிக் கத்தி, கூர்ப்பக்கம் தட்டைப் பார்த்து. அதற்கு வெளியே சூப் ஸ்பூன். முதலில் வரும் உணவுக்கானது வெளி ஓரத்தில் என்பதைப் பிடித்துக்கொண்டால் வரிசை குழம்பாது. சூப் இல்லையா, அந்த ஸ்பூனும் வேண்டாம். மேஜை நிறைவாகத் தெரியட்டும் என்று அடுக்குவதுதான் பலரும் செய்கிற தப்பு.

காம்புகளின் அடிமுனைகள் மேஜை விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. உள்ளே ஒரே கோட்டில் நிற்கட்டும். பெரிய ஃபோர்க்கும் சின்ன ஃபோர்க்கும் உயரத்தில் மாறுபடும். மேல்நுனியைச் சமப்படுத்தப் போனால் அடி கோணிவிடும். தண்ணீர் கிளாஸ் கத்தி முனைக்கு நேர் மேலே.

நாப்கின் ஃபோர்க்குக்கு இடப்பக்கம், அல்லது வெறும் தட்டின்மேல். ஃபோர்க்குக்கு அடியில் செருகினால், உருவும்போது எல்லாம் சரியும். 50 செ.மீ. சதுரத் துணியை நான்காக மடித்து, பிறகு மூன்றாக மடித்தால் சுமார் 8 செ.மீ. அகலப் பட்டை கிடைக்கும். விசிறி, அன்னம் எல்லாம் அழகுதான். ஆனால் வாய் துடைக்கிற துணியில் அத்தனை கை படவேண்டுமா?