பழைய வேக்குவம் கிளீனரின் வயது (கடிதம்)

அன்புள்ள சார்,

பழைய வேக்குவம் கிளீனர் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஹூவர், நின்றபடி தள்ளும் ரகம், அலுமினிய உடல், துணிப்பை. தகட்டில் வரிசையாகக் காப்புரிமைத் தேதிகள். முதல் தேதி ஜூன் 2, 1908. விற்றவர் 1908-இல் செய்தது என்கிறார். நம்பலாமா? பாலிஷ் போட்டு ஓட்டிப் பார்க்கவும் ஆசை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நம்பவேண்டாம். அது ஜேம்ஸ் மரே ஸ்பேங்லருக்குக் காப்புரிமை கிடைத்த நாள். ஓஹாயோ மாநிலம் கேன்டனில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர் அவர். தூசியால் மூச்சிரைப்பு அதிகமாக, மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் சேர்த்து இந்த யந்திரத்தை உருவாக்கினார். உரிமை ஹூவர் குடும்பத்துக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த மாடல்களின் தகட்டிலும் பழைய தேதி இடம்பெறலாம். விலையைக் கூட்ட நினைப்பவர்கள் முதல் தேதியைத்தான் வாசித்துக் காட்டுவார்கள்!

நீங்கள் கடைசித் தேதியைப் பாருங்கள். யந்திரம் அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. தேதிக்குப் பதில் காப்புரிமை எண்கள் இருந்தால் அநேகமாக 1927-க்குப் பிந்தையது. அந்த வருடம்தான் அமெரிக்கச் சட்டம் எண்ணைப் பொறிக்கச் சொன்னது. எண் இருபது லட்சத்தைத் தாண்டினால் 1935-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை.

அப்புறம் யந்திரத்தைக் கவிழ்த்து பிரஷ் உருளையைப் பாருங்கள். வெறும் மயிர்தானா, கம்பளத்தைத் தட்டும் உலோகப் பட்டைகளும் உண்டா? ஹூவர் அந்தப் பட்டைகளை 1926-இல் கொண்டுவந்தது. ஆனால் உருளையை மாற்றியிருக்கவும் கூடும், அதனால் தகட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். பையை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். முதலில் கிழிவது அதுதான், கிடைத்த பையை மாட்டியிருப்பார்கள்.

பாலிஷ் வேண்டவே வேண்டாம். சுழலும் பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் தகட்டு எழுத்து தேய்ந்துபோகும், வயதைச் சொல்ல இருக்கும் ஒரே நல்ல சாட்சி போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும், மோட்டாரில் ஈரம் படாமல்.

ஓட்டுவதா? இப்போதைக்கு பிளக்கைத் தொடாதீர்கள். அந்தக் கால ஒயரில் துணிக்குள் இருக்கும் ரப்பர் பொடிந்திருக்கும். மோட்டார் 110 வோல்ட்டுக்கானதாக இருந்து, உங்கள் வீட்டில் 220 வந்தால் கருகிவிடும். மோட்டார் வேலை தெரிந்தவர் ஒயரை மாற்றிச் சோதித்த பிறகு ஓட்டலாம். பையை உதறுவதானால் வெளியில், முகக்கவசத்தோடு. உள்ளே என்ன தூசி இருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

தகட்டின் கடைசி வரியையும் உருளையையும் படமெடுத்து அனுப்புங்கள், மாடலைக் கண்டுபிடிக்க முடிகிறதா பார்க்கலாம்.