பிரவுசருக்குள் ஒளிந்திருக்கும் அமைப்புகளைத் திறப்பது எப்படி? மாற்றினால் ஏதாவது கெட்டுப்போகுமா?

திறக்கப் பத்து நொடி போதும். ஃபயர்பாக்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, கான்ஃபிக் மூன்றையும் ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். ஜாக்கிரதை என்று ஒரு பக்கம் வரும். பொறுப்பு என்னுடையது என்று பொத்தானை அமுக்கினால் ஒரு தேடல் பெட்டி, அவ்வளவுதான். பழைய ஃபயர்பாக்ஸில் இந்த எச்சரிக்கை இன்னும் தமாஷாக இருக்கும். 'வாரன்டி செல்லாமல் போகலாம்' என்று தலைப்பு. கீழே 'கவனமாக இருப்பேன், சத்தியம்!' என்று பொத்தான். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கு எங்கிருந்து வந்தது வாரன்டி என்று அப்போதே சிரித்திருக்கிறேன்.

கெட்டுப்போகுமா என்ற இரண்டாவது கேள்விக்கு என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் ராத்திரி தனியுரிமை பற்றி எதையோ படித்த வேகத்தில், ரெசிஸ்ட்ஃபிங்கர்பிரிண்டிங் என்ற அமைப்பைத் தேடி 'ட்ரூ' ஆக்கிவிட்டேன். திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் என்று பிரவுசர் கக்கும் சின்னச் சின்னத் தகவல்களைச் சேர்த்து நம்மை அடையாளம் காணும் தளங்கள் உண்டு. அவற்றுக்கு எல்லாரையும் ஒரே மாதிரி காட்டுவதுதான் இந்த அமைப்பின் வேலை. ஆளை அடையாளம் காட்டாமல் இணையத்தில் உலாவ உதவும் டோர் பிரவுசரிலிருந்து வந்த யோசனை. நல்ல விஷயம்தான். மாற்றினேன், தூங்கினேன், மறந்தும்போனேன்.

நாலைந்து நாள் கழித்து அலுவலகக் காலண்டரைத் திறந்தால், காலை 10 மணி மீட்டிங் விடியற்காலை 4:30க்கு உட்கார்ந்திருக்கிறது. மூலையில் லேப்டாப் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. மறுபடி லாகின் செய்து பார்த்தேன், குக்கீகளை அழித்துப் பார்த்தேன், ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று. கடைசியில் ஐடி பிரிவுத் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தவன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அண்ணே, கான்ஃபிக்ல எதாவது கை வெச்சீங்களா?" என்றான். "சேச்சே, இல்லப்பா" என்று அடித்துச் சொன்னேன். அவன் எதுவும் பேசாமல் அந்தப் பக்கத்தைத் திறந்தான். மாற்றப்பட்டவற்றை மட்டும் காட்டு என்று தேடல் பெட்டி அருகே ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டான். தடித்த எழுத்தில் எக்கச்சக்க வரிகள். பெரும்பாலானவை பிரவுசர் தனக்குத்தானே எழுதிக்கொண்டவை. நடுவில் என்னுடையது. அந்த அமைப்பு எல்லாத் தளங்களுக்கும் நேர மண்டலம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று சொல்லிவிடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். வரியின் ஓரத்தில் இருந்த வளைந்த அம்புக்குறியை அமுக்கினான், மீட்டிங் 10 மணிக்குத் திரும்பியது. செய்தித் தளங்களில் எழுத்தை 120 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்தால் அடுத்த முறை பழையபடி சுருங்கிக் கிடந்ததற்கும், இருள் தீம் வேலை செய்யாததற்கும் அதே அமைப்புதான் காரணம் என்பது அப்புறம் புரிந்தது.

அதாவது பிரவுசர் கெடவில்லை, சொன்னதை ஒழுங்காகச் செய்தது. மறந்தது நான். அதிலிருந்து ஒரு நோட்பேட் ஃபைல் வைத்திருக்கிறேன்: அமைப்பின் பெயர், பழைய மதிப்பு, தேதி, எதற்காக மாற்றினேன். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் தொடுவதில்லை.

அந்த ஃபைலில் இன்று தங்கியிருப்பவை கொஞ்சம்தான். தேடல் பெட்டியில் பேக்ஸ்பேஸ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு அமைப்பு வரும். 2021 வரை அந்த விசையை அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போகும். படிவம் நிரப்பும்போது தெரியாமல் அழுத்தி எழுதியதையெல்லாம் இழக்கிறார்கள் என்று நிறுத்திவிட்டார்கள். மதிப்பை 0 ஆக்கினால் பழைய பழக்கம் திரும்பிவிடும். இன்னொன்று, லாஸ்ட், டேப் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள்; அதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் கடைசி டேபை மூடும்போது விண்டோவும் சேர்ந்து மூடாது.

புனிகோடு என்ற மூன்றாவதைப் போட்டு எடுத்துவிட்டேன். பிற மொழி எழுத்துகளில் உள்ள முகவரியை ஆங்கில எழுத்துகளில் எழுதிக்காட்டும் முறை அது. 2017இல் ஒருவர் ஆப்பிள் தளத்தின் பெயரை முழுக்க சிரிலிக் எழுத்துகளில் (ரஷ்ய மொழி எழுதும் எழுத்துகள்) பதிவு செய்து, முகவரிப் பட்டையில் அசலுக்கும் போலிக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று காட்டினார். இந்த அமைப்பை 'ட்ரூ' ஆக்கினால் அந்தப் போலிப் பெயர் எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஒரு சரமாகத் தெரியும், பிடித்துவிடலாம். ஆனால் .இந்தியா, .இலங்கை என்று முடியும் நம் தமிழ் முகவரிகளும் அதே கதிக்கு ஆளாகும். எனக்கு அது பொறுக்கவில்லை.

'ஃபயர்பாக்ஸை மின்னல் வேகமாக்க இந்தப் பத்து மாற்றம்' வகைப் பட்டியல்களை மட்டும் நம்பாதீர்கள். பைப்லைனிங்கை, அதாவது முந்தைய கோரிக்கைக்குப் பதில் வருமுன்பே அடுத்தடுத்த கோரிக்கைகளைத் தளத்துக்கு அனுப்பும் வசதியை, இயக்கி, பக்கத்தில் 30 என்று போடுங்கள் என்று ஊரெல்லாம் சொன்ன காலம் உண்டு. அந்த வசதியையே பிரவுசரிலிருந்து எடுத்தாயிற்று; பட்டியல்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இல்லாத பெயரைத் தட்டினாலும் புதிதாக உருவாக்கட்டுமா என்று இந்தப் பக்கம் கேட்கும். உருவாக்கினால் அந்த வரி சும்மா கிடக்கும், படிக்க ஆளிருக்காது. நாமும் வேகம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

எதை மாற்றினோம் என்றே தெரியாத அளவுக்குக் குழப்பிவிட்டால் உதவி மெனு வழியாக 'ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்' செய்யுங்கள். புக்மார்க்கும் கடவுச்சொற்களும் தப்பும், எக்ஸ்டென்ஷன்கள் போய்விடும்.

குரோம் வைத்திருந்தால் அங்கே இருப்பது 'ஃபிளாக்ஸ்' பக்கம். அது வேறு ரகம். எல்லாம் சோதனையில் இருப்பவை, இன்று இருக்கும் ஒன்று அடுத்த பதிப்பில் சொல்லாமல் காணாமல் போகும். மேலேயே எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் பொத்தான் இருப்பதால் அங்கே நோட்பேட் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.