ஃபேன் யார் பேச்சைக் கேட்கிறது?

கேள்வி: பழைய கேஸில் 120 மி.மீ. ஃபேன் இரண்டு வாங்கி முன்பக்கம் மாட்டினேன். பின்பக்கம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. புதிய இரண்டும் கணினியைப் போட்டதிலிருந்து அணைக்கும்வரை முழு வேகத்தில் இரைகின்றன. விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் அமைப்பில் வேகத்தை 40 சதவீதம் என்று வைத்தும் மாற்றமில்லை. பின்பக்க ஃபேனோ, பிரவுசரைத் திறந்தாலே வீறிட்டுவிட்டு மறுகணம் அடங்கிவிடுகிறது. இவ்வளவு சத்தம் போட்டும் விளையாடும்போது கிராஃபிக்ஸ் கார்டு 84 டிகிரிக்குப் போகிறது. ஃபேன் பழுதா? இன்னும் இரண்டு வாங்கிப் போடவா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஃபேன் எதுவும் பழுதில்லை. மூன்று தனித்தனிச் சிக்கல்கள் ஒரே நேரத்தில் வந்திருப்பதால் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது.

முதலில் புதிய ஃபேன்களின் வயர் முனையைப் பாருங்கள். துளை மூன்றா, நான்கா? மூன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று துளை உள்ளதைத்தான் மூன்று பின் (pin) ஃபேன் என்கிறோம். அதில் ஒரு வயர் எர்த், ஒன்று 12 வோல்ட், மூன்றாவது வேகத்தைத் திருப்பிச் சொல்லும் வயர். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும், மதர்போர்டு அதை எண்ணித்தான் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) காட்டுகிறது. இந்த வகை ஃபேனின் வேகத்தைக் குறைக்க ஒரே வழி, வரும் வோல்டேஜைக் குறைப்பது. பயாஸில் இதன் பெயர் டி.சி. மோடு.

நான்கு பின் ஃபேனுக்கு 12 வோல்ட் எப்போதும் அப்படியே போய்க்கொண்டிருக்கும். வேகத்தை நான்காவது வயர் வழியே வரும் சிக்னல் தீர்மானிக்கும். அது பி.டபிள்யூ.எம். மோடு. உங்கள் போர்டில் இந்த ஃபேன்களைச் செருகியிருக்கும் முனை, அதாவது ஹெடர், பி.டபிள்யூ.எம். மோடில் இருக்கிறது. போர்டு நான்காவது பின்னில் ‘40 சதவீதம் போதும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, அங்கே கேட்க வயரே இல்லை. முழு 12 வோல்ட்டும் கிடைப்பதால் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. நீங்கள் 40 வைத்தாலும் 20 வைத்தாலும் அதற்கு ஒன்றுதான்.

பயாஸுக்குள் ஃபேன் அமைப்புப் பக்கம் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பெயரில் இருக்கும். அஸுஸில் க்யூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்.எஸ்.ஐ.யில் ஹார்டுவேர் மானிட்டர். அதில் அந்த ஹெடரைத் தேர்ந்தெடுத்து மோடை டி.சி. ஆக்குங்கள். ‘ஆட்டோ’வை நம்பாதீர்கள், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயர் போட்டு இரண்டு ஃபேனை ஒரே ஹெடரில் சேர்த்திருந்தால் அது சில சமயம் தவறாகக் கணிக்கும். ஃபேன்களை, பவர் சப்ளையின் சாட்டா வயரில் ஓடும் ஹப்பில் (பல ஃபேன்களைச் சேர்த்துச் செருகும் பெட்டியில்) செருகியிருந்தால் மட்டும் கதை வேறு. பல ஹப்புகள் பி.டபிள்யூ.எம். மட்டுமே அறிந்தவை. அதில் மூன்று பின் ஃபேன் என்றைக்கும் முழு வேகம்தான், எடுத்து நேராக மதர்போர்டில் செருகுங்கள்.

டி.சி.யில் ஒரு கவனம் தேவை. 40 சதவீதம் என்றால் ஐந்து வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் அதில் தாக்குப்பிடிக்கும், நின்றிருக்கும் ஃபேன் கிளம்பாமல் போகலாம். சில ஃபேன்கள் இலேசாக உதறிவிட்டு அப்படியே நிற்கும். சதவீதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியை அணைத்து மறுபடி போட்டு, எந்த அளவில் தானாகக் கிளம்புகிறது என்று பாருங்கள். இரண்டாவது எண்தான் உங்கள் குறைந்தபட்சம்.

அடுத்து அந்தப் பின்பக்க ஃபேன். அது சொன்ன பேச்சை நன்றாகவே கேட்கிறது, கேட்கும் இடம்தான் சரியில்லை. சிபியு வெப்பத்தை அளக்கும் சென்சார் அந்தச் சிப்பின் சிலிக்கானுக்குள்ளேயே இருக்கிறது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரே விநாடியில் 15, 20 டிகிரி துள்ளிவிட்டு இறங்கும். அதற்கு மேலே உள்ள ஹீட்சிங்க் உலோகம் சூடேறச் சில நிமிடங்கள் ஆகும், கேஸுக்குள் உள்ள காற்று சூடேற அதைவிட நேரமாகும். ஒரு விநாடித் துள்ளலுக்குக் கேஸ் ஃபேன் ஓடி எந்தப் பயனும் இல்லை. வீண் சத்தம் அது.

அதே பயாஸ் பக்கத்தில் ‘ஸ்டெப் அப்’, ‘ஸ்பின் அப் டைம்’ என்பது போன்ற ஓர் அமைப்பு இருக்கும். வெப்பம் ஏறிய பிறகு எவ்வளவு தாமதித்து ஃபேன் வேகமெடுக்க வேண்டும் என்பது அது. இருப்பதில் அதிகமானதை வையுங்கள். எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் வளைகோட்டை 60 டிகிரி வரை தட்டையாக, 40 சதவீதத்தில் படுக்க வையுங்கள். 75 டிகிரியில் 65 சதவீதம், 85க்கு மேல் முழு வேகம். வெப்ப மூலத்தை சிபியுவிலிருந்து மதர்போர்டுக்கு மாற்ற வசதி இருந்தால் அதுவும் நல்ல வழி. அந்த எண் மெதுவாகத்தான் நகரும், ஆனால் 30க்கும் 45க்கும் இடையிலேயே உலவும் என்பதால் வளைகோட்டை அதற்கேற்பப் புதிதாக வரைய வேண்டும். சிபியு வளைகோட்டை மாற்றாமல் விட்டால் ஃபேன் வேகமே எடுக்காது.

இனி 84 டிகிரி. என்விடியாவின் பல கார்டுகள் 83ஐ ஒட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை, ஆகவே கார்டு எரிந்துவிடாது. ஆனால் உங்கள் முன் ஃபேன்கள் முழு வேகத்தில் ஓடியும் இந்த அளவு என்றால், குறை ஃபேனின் வேகத்தில் இல்லை, காற்றின் பாதையில் இருக்கிறது. இரண்டு ஃபேன் கூட்டினால் இரைச்சல் மட்டும்தான் கூடும்.

சோதனை எளிது. ஒரே விளையாட்டை, ஒரே காட்சியில் 20 நிமிடம் ஓடவிட்டு கார்டின் வெப்பத்தைக் குறியுங்கள். பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி அதே 20 நிமிடம். எட்டு, பத்து டிகிரி இறங்கினால் கேஸ் மூச்சுவிட முடியாமல் தவிக்கிறது. இரண்டு டிகிரிதான் இறங்கியது என்றால் கேஸை விட்டுவிட்டு கார்டின் தூசு, அதன் சொந்த ஃபேன், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே தடவிய பேஸ்ட் பக்கம் பாருங்கள்.

முதல் விடை வந்தால், ஃபேனின் திசையைப் பாருங்கள். மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமாகக் காற்று வெளியே போகும். முன்பக்க ஃபேன்களில் கம்பிகள் கேஸின் உள்ளே பார்த்திருக்க வேண்டும். பின்பக்கத்தில் வெளியே. ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தாலே தெரிந்துவிடும், உறிஞ்சினால் ஒட்டும், ஊதினால் விலகும். இத்தனை வருட அனுபவத்தில் நானே ஒருமுறை முன் ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டு இரண்டு நாள் பயாஸில் தேடினேன், எண்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் கம்பியைப் பார்க்கத் தோன்றவில்லை. திசை சரி என்றால் முன் பலகையைப் பாருங்கள். கண்ணாடியோ மூடிய பிளாஸ்டிக்கோ இருந்து ஓரத்தில் ஒரு விரல் கீற்று மட்டும் இருந்தால், அதன் பின்னால் எத்தனை ஃபேன் வைத்தாலும் காற்று வராது. தூசு வலையைக் கழற்றிக் கழுவுங்கள், மாதக்கணக்கில் கழுவாத வலை கம்பளி போல ஆகிவிடும்.

பாதையைச் சரிசெய்த பிறகு இன்னொரு முரண் எஞ்சும். விளையாடும்போது அதிகம் காய்வது கார்டு, ஆனால் பெரும்பாலான பயாஸ்களுக்கு கார்டின் வெப்பம் தெரியாது. முன் ஃபேன்களை சிபியுவிடம் கட்டிவைத்தால் கார்டு கொதிக்கும்போதும் அவை சும்மா இருக்கும். விண்டோஸில் ‘ஃபேன் கன்ட்ரோல்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் சிபியு வளைகோடு ஒன்று, கார்டு வளைகோடு ஒன்று வரைந்து, இரண்டில் எது அதிகமோ அதை ஃபேன் எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம். உங்கள் முன் ஃபேன்களுக்கு இதைத்தான் சொல்வேன். மதர்போர்டு கம்பெனியின் மென்பொருள் கூடவே ஓடினால் அதை நீக்கிவிடுங்கள், இருவர் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஃபேன் திக்குமுக்காடும். விண்டோஸ் ஏறும்வரை பயாஸ் வளைகோடுதான் ஆட்சி என்பதால் அதையும் ஒழுங்காகவே வையுங்கள்.

சத்தத்தைப் பற்றிக் கேட்காமலே ஒன்று: வேகத்தைப் பாதியாக்கினால் காற்று ஏறத்தாழப் பாதியாகும், சத்தமோ 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். காதுக்கு அது பெரிய வித்தியாசம். அதனால் மூன்று ஃபேனை 50 சதவீதத்தில் ஓட்டுவது ஒன்றை முழு வேகத்தில் ஓட்டுவதைவிடப் பொதுவாக அமைதி.

எல்லாம் பிடித்தபடி அமைந்ததும் பயாஸ் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பயாஸை அப்டேட் செய்தால் பெரும்பாலும் இந்த எண்கள் அழிந்து, முன் ஃபேன்கள் மறுபடி அலறத் தொடங்கும்.