கூலன்ட் ஃபிட்டிங் ஒழுகுது, இன்னும் இறுக்கலாமா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: காரோட அலுமினியம் தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல ஹீட்டர் ஹோஸ் மாட்டுற பித்தளை ஃபிட்டிங்க மாத்தினாராம், டெஃப்ளான் டேப்ப அஞ்சாறு சுத்து சுத்தி நல்லா இறுக்கினாராம், ஆனாலும் இஞ்சின் சூடானதும் மரையோரம் ஈரம் கட்டுது, இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா இல்ல வெளியில சிலிகான் தடவட்டுமான்னு.

ரெண்டும் வேண்டாங்க. முதல்ல அந்த ஃபிட்டிங் எந்த இடத்துல சீல் ஆகுற மாதிரி செஞ்சதுன்னு பாருங்க, ஏன்னா நான் பாக்குற ஒழுகல்ல பாதிக்கு மேல தப்பான இடத்துல அடைக்கப் பாத்ததால வர்றதுதான். டேப்பர் த்ரெட்னா மரையே அடைப்பு, நுனியிலிருந்து தலைப்பக்கம் போகப் போக பருமனாகும், 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் அளவுக்கு. கையால திருகினா மூணு நாலு சுத்துல பிடிச்சு நின்னுடும். பேரலல் த்ரெட் அப்படி இல்ல, தலை போய் உக்காருற வரைக்கும் கையாலயே போகும், அங்க அடைக்கிறது செம்பு வாஷர், அலுமினியம் வாஷர் இல்லன்னா ஓ-ரிங். இதுல மரைக்கு என்ன பூசினாலும் பிரயோஜனம் இல்ல, புது வாஷர் போட்டு உக்காருற முகத்த சுத்தமா தொடைச்சாலே நின்னுடும்.

உங்களோடது அனேகமா டேப்பர்தான். டேப்பர் மரைய எவ்வளவு இறுக்கினாலும் உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவுல சுருளா ஒரு மெல்லிய வழி மிஞ்சும், கூலன்ட் அதுல ஏறி வந்துடும், அதனாலதான் அந்த வழிய அடைக்கிற சீலன்ட் கட்டாயம். இன்னொண்ணும் பாருங்க, என்பிடி, பிஎஸ்பிடின்னு ரெண்டு டேப்பர் வகை இருக்கு, அரை இஞ்சு முக்கால் இஞ்சு சைஸ்ல ரெண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரைதான், அதனால ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறிடும், ஆனா மரையோட கோணம் ஒண்ணுல 60 டிகிரி இன்னொண்ணுல 55, சரியா பொருந்தவே பொருந்தாது. புது ஃபிட்டிங் வாங்கும்போது இந்த வகைய கேட்டு வாங்குங்க.

டேப் தப்புன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு சுத்து, மரை ஏறுற திசையிலேயே, நுனியில ஒண்ணு ரெண்டு மரைய விட்டுட்டு சுத்தினா அடைக்கும். ஆனா கூலன்ட் லைனுக்கு நான் டேப்ப எடுக்கவே மாட்டேன், கிழிஞ்ச துணுக்கு உள்ள போனா ஹீட்டர் கோர்ல, அதாவது காருக்குள்ள சூடு தர்ற குட்டி ரேடியேட்டர்ல, இருக்குற மெல்லிசான குழாய்ல போய் சிக்கும், அதுக்கும் மேல டேப் வழுக்குறதால ஸ்பேனர் லேசா போற மாதிரி தெரியும், நாம இன்னும் இறுக்குவோம், டேப்பர் மரை ஆப்பு மாதிரி உள்ள எறங்கி அலுமினியத்த பிளந்துடும். அஞ்சாறு சுத்து டேப்போட இறுக்கியிருக்கீங்க, அதனால கழட்டினதும் ஹவுசிங் வாய நல்லா தொடைச்சு வெளிச்சத்துல பாருங்க, முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா எந்த சீலன்ட்டும் உதவாது, ஹவுசிங்க மாத்தித்தான் ஆகணும். சிலிகானும் அப்படித்தான், வெளியில தடவினா உள்ளேருந்து வர்ற அழுத்தத்துல உரிஞ்சுடும், மரைல தடவினா பிதுங்கினது பிஞ்சு ரேடியேட்டருக்குள்ள போகும்.

நான் சொல்றது கூலன்ட்டுக்கு ஆகும்னு டியூப்லயே போட்டிருக்குற பேஸ்ட் வகை த்ரெட் சீலன்ட். அதுல அனரோபிக்னு ஒரு வகை, காத்து படாம ரெண்டு உலோகத்துக்கு நடுவுல மாட்டினாதான் இறுகும், அத பிளாஸ்டிக் ஹவுசிங்ல போடாதீங்க, பல பிளாஸ்டிக் வெடிப்பு விட்டுடும்.

இஞ்சின் முழுசா ஆறின பிறகு மட்டும் கூலன்ட் ஊத்துற மூடிய தெறந்து, ஃபிட்டிங்குக்கு கீழ எறங்குற வரைக்கும் கூலன்ட்ட வடிங்க, வடிச்சத தரையில விட்டுடாதீங்க, இனிப்பா இருக்கும், விஷம், நாய் பூனை நக்கிடும். பழைய டேப்ப துணுக்கு விடாம எடுத்து ரெண்டு பக்க மரையையும் பிரேக் கிளீனரால தொடைச்சு காய விடுங்க, எண்ணெயோ ஈரமோ இருந்தா பேஸ்ட் பிடிக்காது. பேஸ்ட்ட ஃபிட்டிங் மரைல மட்டும், நுனி மரைய விட்டு சுத்தி வர தடவுங்க, ஓட்டைக்குள்ள தடவினா அத்தனையும் உள்ளதான் தள்ளும். கையால பிடிக்கிற வரைக்கும் திருகி அப்புறம் ஸ்பேனர்ல ஒண்ணரைலேருந்து ரெண்டு சுத்து, அலுமினியத்துல அதோட நிறுத்துங்க. வளைஞ்ச ஃபிட்டிங் (எல்போ) வேற பக்கம் பாத்து நிக்குதுன்னு பின்னாடி திருப்பினீங்கன்னா சீல் போச்சு, கழட்டி சுத்தம் பண்ணி முதல்லேருந்துதான்.

பக்கத்துல டெம்பரேச்சர் சென்சார் இருந்து அதையும் கழட்டினா கவனம், ஒத்த வயர் வர்றது பாடி வழியாத்தான் எர்த் எடுக்கும், டேப் சுத்தினா மீட்டர் தப்பா காட்ட வாய்ப்பிருக்கு. மரைல கம்பெனியே பூச்சு போட்டு வந்திருந்தா மேல எதுவும் வேண்டாம்.

அனரோபிக்னா டியூப்ல போட்டிருக்குற நேரம் காய விடணும், பெரும்பாலும் 24 மணி நேரம், குளிர்ல கூடவே ஆகும். அப்புறம் கூலன்ட் ஊத்தி உள்ள சிக்கின காத்த வெளிய எடுத்துட்டு, பிரஷர் டெஸ்டர் கிடைச்சா மூடில போட்டிருக்குற அளவுக்கு, பெரும்பாலும் 1 பார் பக்கத்துல இருக்கும், ஏத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் முள்ளு எறங்குதான்னு பாருங்க. இஞ்சின் சூடாகி முழுசா ஆறினப்புறம் ஃபிட்டிங் அடிய வெள்ளைத் துணியால தொடைச்சுப் பாருங்க, டேங்க்ல லெவல் கொஞ்சம் எறங்கி துணி காஞ்சே இருந்தா அது மிச்சக் காத்து வெளிய போனதா இருக்கும், மார்க் வரைக்கும் ஊத்தி விடுங்க, மறுபடி மறுபடி எறங்கினா வேற இடத்துல தேடணும்.