அட்வான்ஸ் யாருடைய பணம்? பெங்களூரு வீட்டுக்காரர்களின் கேள்விகள்

மாடியில் ஒன்றிரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர்கள் இந்த முறை நிறைய எழுதியிருக்கிறார்கள். சட்டம் கேட்டு எழுதியவர்களுக்கும் கடைசியில் பிரச்சினை அட்வான்ஸில்தான் வந்து நிற்கிறது. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: முதல் மாடியை ஐந்து வருடம் முன்பு 15,000 வாடகை, 1,50,000 அட்வான்ஸ் என்று விட்டேன். இப்போது வாடகை 18,000. குடியிருப்பவர் அடுத்த மாதம் காலி செய்கிறார். அட்வான்ஸ் மகள் கல்யாணத்தில் செலவாகிவிட்டது. புது ஆள் வந்ததும் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பேன் என்றதற்கும் சண்டை. ஊரில் எல்லோரும் செய்வதுதானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, லிங்கராஜபுரம்)

ஊரில் எல்லோரும் செய்வதுதான் அம்மா, ஆனால் அந்தப் பணம் உங்களுடையது இல்லை. சாவி கைக்கு வரும் நாளில் திருப்பித் தர வேண்டிய கடன் அது. பாக்கி வாடகை, கரண்ட் பில், உடைந்துபோன பொருள், இவற்றைத்தான் கழிக்கலாம். புது ஆள் எப்போது வருவார் என்பது அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அவரும் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட இந்தப் பணத்தைத்தான் நம்பியிருப்பார். பணம் வராமல் சாவி தர மாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டால், வீட்டைப் புது ஆளுக்குக் காட்டக்கூட முடியாது.

இப்போதைக்கு வழி என்ன? ஒரு மாதம் இருக்கிறது. இன்றே டு-லெட் போர்டு மாட்டுங்கள், அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சாமான் ஏற்றும் நாளில் பெரும்பகுதி, மீதி இன்ன தேதியில் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். குறையும் பணத்துக்கு நகைக்கடன் வாங்கினாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று மாத வட்டியோடு போகும். ஆனால் பின் தேதியிட்டு செக் மட்டும் கொடுக்காதீர்கள். அது திரும்பினால் 1881ஆம் வருட செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் கிரிமினல் வழக்காகிவிடும், பெயிண்ட் சண்டை எங்கேயோ போய் முடியும்.

பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது பெங்களூரு வழக்கம், சட்டம் இல்லை. அக்ரிமெண்டில் எழுதியிருந்தால் பிடிக்கலாம். எழுதவில்லை என்றால், ஐந்து வருடத்தில் சுவர் மங்குவது குடியிருந்தவர் செய்த சேதம் ஆகாது. குழந்தை கிரேயானில் வரைந்தது, ஏ.சி. மாட்ட ஓட்டை போட்டது, அதெல்லாம் வேறு. அடுத்தவருக்கு விடும்போது காலி வீட்டை அறை அறையாகப் போட்டோ எடுத்து, மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து எடுத்து, அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, பத்து மாத அட்வான்ஸ் ஆசையை விட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஐந்து மாதத்துக்கே யோசிக்கிறார்கள். குறைவாக வாங்கி, வங்கியில் தனி டெபாசிட்டாகப் போட்டால் வட்டியும் உங்களுக்கு, தூக்கமும் உங்களுக்கு.

கேள்வி: நான்கு மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால் "அட்வான்ஸில் கழிச்சுக்குங்க" என்கிறார்கள், காலியும் செய்யவில்லை. தண்ணீரை நிறுத்திவிடு, வெளியே போகும்போது வேறு பூட்டு போட்டுவிடு என்கிறான் மைத்துனன்.
(தூரவாணி நகர் வாசகர்)

மைத்துனர் சொன்னதைச் செய்தால் அவர்கள் ஸ்டேஷனுக்குப் போவார்கள், அங்கே குற்றவாளி நீங்கள்தான். வாடகை தராதவரானாலும் கோர்ட் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்க 1963ஆம் வருட ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்திலேயே வழி இருக்கிறது, அதற்கு அவர் வாடகை பாக்கி வைத்திருந்தாரா என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

அட்வான்ஸ் எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து மாதம் என்றால் இன்னும் ஆறு மாதம் உங்கள் கையில் இருக்கிறது, இதுதான் நீங்கள் நகர வேண்டிய நேரம். பலர் அட்வான்ஸ் முழுக்கக் கரைந்த பிறகுதான் வக்கீலிடம் போகிறார்கள், அப்போது பேரம் பேச எதுவும் இருக்காது. கர்நாடக வாடகைச் சட்டம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைக்குப் பொருந்தாது என்பதால் இன்றைய வீடுகள் அநேகமாக எல்லாமே சொத்து மாற்றுச் சட்டத்தில்தான் வரும். மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ், அக்ரிமெண்டில் அதிக நாள் சொல்லியிருந்தால் அத்தனை நாள். நோட்டீஸை வக்கீல் மூலமாக, ரிஜிஸ்டர் செய்த ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நோட்டீஸ் போன பிறகு அவர்கள் திடீரென்று ஒரு மாத வாடகையை ஜி-பே செய்தால் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். காலி செய்யச் சொன்னதை நீங்களே கைவிட்டதாக வாதாடுவார்கள். பாக்கிக் கணக்கில் மட்டும் வரவு வைக்கிறேன், நோட்டீஸ் அப்படியே நிற்கிறது என்று அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் ஒரு யோசனை, உங்களுக்குக் கசக்கும். இந்தத் தேதிக்குள் காலி செய்தால் ஒரு மாத பாக்கியைத் தள்ளிவிடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அதோடு ஒப்பிட்டால் ஒரு மாத வாடகை நஷ்டம் நஷ்டமே இல்லை.

கேள்வி: பதினொரு மாத அக்ரிமெண்ட் போடாவிட்டால் வீடு குடியிருப்பவருக்குப் போய்விடுமாமே? பன்னிரண்டு வருடம் இருந்தால் சொந்தமாகிவிடுமா?
(முர்பி டவுன் வாசகர்)

ஆகாது. வாடகைக்கு என்று உங்கள் அனுமதியோடு உள்ளே வந்தவர், அந்த உறவு இருக்கும்வரை நீங்கள் ஓனர் இல்லை என்று சொல்லவே முடியாது. பன்னிரண்டு வருடக் கணக்கு அனுமதியில்லாமல் ஆக்கிரமித்தவர்களைப் பற்றியது. பதினொரு மாதம் வந்ததற்குக் காரணம் வேறு: ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை ரிஜிஸ்டர் செய்தாக வேண்டும், அந்தச் செலவுக்குப் பயந்துதான் பதினொன்று. ஆனால் வாடகை வாங்கியதற்கு ஆதாரம் வேண்டும். கையில் வாங்கினால் ரசீது, இல்லையென்றால் வங்கி வழியாகவே வாங்குங்கள்.

கேள்வி: ஒரு ஏஜென்சி மாதம் 20,000 தருகிறோம், ஆள் பார்ப்பதும் நாங்களே என்கிறது. கொடுக்கலாமா?
(பானஸ்வாடி வாசகி)

கொடுக்காதீர்கள். உங்களிடம் மாத வாடகை பேசிவிட்டு, உள்ளே வருபவரிடம் போக்கியம் என்று பல லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு, சில மாதம் உங்களுக்கு வாடகை போட்டுவிட்டு மறைந்துவிடும் ஆட்கள் மேல் இந்த ஊரில் போலீஸ் புகார்கள் வந்திருக்கின்றன. லட்சங்களைக் கொடுத்துவிட்டு உள்ளே இருப்பவர் எப்படிக் கிளம்புவார்? அவரும் ஏமாந்தவர்தானே. குடியிருக்கப்போகிறவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும், பணம் உங்கள் கணக்குக்கு நேராக வர வேண்டும், உள்வாடகை கூடாது என்ற வரி அக்ரிமெண்டில் இருக்க வேண்டும். அவருடைய ஆதார் நகல், வேலை செய்யும் இடத்தின் விவரம் இரண்டையும் வாங்கி ஸ்டேஷனிலும் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: புதிதாக வந்தவர் இலவச மின்சாரத்துக்குப் பதிய முடியவில்லை. பழைய ஆளின் ஆதார் அதில் நிற்கிறதாம்.
(விவேக் நகர் வாசகர்)

2023இல் கிருஹ ஜோதி வந்தபோது வாடகைக்கு இருப்பவர்களும் உங்கள் மீட்டரின் ஆர்.ஆர். நம்பரோடு தங்கள் ஆதாரை இணைத்துக்கொண்டார்கள். போகும்போது யாரும் அதை எடுப்பதில்லை. அரசின் சேவா சிந்து இணையதளத்தில் இணைப்பை நீக்கும் வசதி இருக்கிறது, பழையவரைக் கூப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள். இனிமேல் அட்வான்ஸைக் கையில் கொடுக்கும் முன் இதையும் செய்யச் சொல்லிவிடுங்கள், கொடுத்த பிறகு போனை எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: குடியிருப்பவர் ஆபீசில் காட்ட என் பான் நம்பர் கேட்கிறார். கொடுத்தால் வரி வந்துவிடுமா? வாடகை மாதம் 18,000, எனக்குப் பென்ஷன் உண்டு.
(எச்.ஏ.எல். முன்னாள் ஊழியர், விமானபுரா)

வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை காட்டி வீட்டுவாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்பவர் ஓனரின் பான் கொடுத்தாக வேண்டும், அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நீங்கள் பயப்படும் அளவுக்கும் இல்லை. வருட வாடகை 2,16,000. நீங்கள் கட்டிய சொத்து வரி 6,000 என்று வைத்துக்கொண்டால் மீதி 2,10,000. இதில் 30 சதவீதம், அதாவது 63,000, எந்த பில்லும் காட்டாமலே கழிந்துவிடும். 1,47,000தான் பென்ஷனோடு சேரும். திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் வருமானமே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது மாநகராட்சி சொத்து வரியைத்தான். சொந்தக் குடியிருப்புக்கு ஒரு விகிதம், வாடகைக்கு விட்ட பகுதிக்கு அதைவிட அதிக விகிதம். முழு வீட்டையும் சொந்தக் குடியிருப்பு என்று காட்டியிருக்கிறீர்களா என்று பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள். அப்படி இருந்தால் நோட்டீஸ் வரும் முன் நீங்களே திருத்திக் கட்டிவிடுங்கள், அபராதம் சேர்ந்தால் தொகை பெரிதாகிவிடும்.