அச்சு நாளிதழின் காலம் முடிந்துவிட்டதா? உங்கள் ஊரில் இன்னும் பேப்பர் வாங்குகிறார்களா?

என் அப்பா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முப்பது வருஷம் பேப்பர் ஏஜெண்டாக இருந்தார். அவருடைய கணக்கு நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்தே இதற்குப் பதில் சொல்கிறேன்.

நீள நோட்டு. தெருவாரியாக வீடுகள், எதிரே 'தந்தி', 'மலர்', 'மணி', 'ஹிந்து' என்று சுருக்கக் குறிப்பு. யாராவது நிறுத்தினால் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுவார். பழைய பக்கங்களில் அடித்தல் குறைவு, இருந்தாலும் 'வீடு மாற்றம்' என்றுதான் இருக்கும். அப்புறம் 'ஐயா தவறிட்டார்' என்று வர ஆரம்பிக்கிறது. அந்த வீட்டில் பேப்பர் படித்தவர் அவர் ஒருவர்தான். காரியம் முடிந்த கையோடு பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். 2016 கடைசியில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு 'போன்ல பாத்துக்குறாங்களாம்'. 2020 ஏப்ரல் பக்கத்தைப் புரட்டினால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசையும். பேப்பரில் கொரோனா ஒட்டிக்கொண்டு வரும் என்று பரவிய பயத்தில் ஒரே வாரத்தில் வரிசையாக அடித்திருக்கிறார். அதை மட்டும் பென்சிலால் அடித்திருக்கிறார், திரும்ப வருவார்கள் என்ற நம்பிக்கையில். பாதிப் பேர் வரவே இல்லை.

படிக்கிறவர்கள் போனுக்குப் போனது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை: வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ப் போட ஆள் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு வேன் வந்து கட்டுகளை இறக்கும். கட்டைப் பிரித்து, இணைப்பைச் செருகி, வழிவாரியாக அடுக்கி, ஐந்தரைக்குள் சைக்கிள் கிளம்பியாக வேண்டும். மழை நாளில் பேப்பரை பாலித்தீனில் சுற்றிவிட்டுப் பையன் நனைந்துகொண்டு போவான். நானும் பத்தாம் வகுப்புவரை போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடச் செலவுக்காக வந்த பையன்கள் அன்று நிறையப் பேர். அந்தச் சம்பளத்துக்கு இன்று ஒருவரும் வருவதில்லை, வராததில் தப்பும் இல்லை. கடைசி நான்கு வருஷம் அறுபது வயதைத் தாண்டிய அப்பாவே மொபெட்டில் போய்ப் போட்டார்.

வாசகனிடம் போய்ச் சேரும் வழி அடைபட்டால் பத்திரிகை பிழைக்காது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே பழைய சாட்சி உண்டு. பாரதியார் 1908-ல் புதுச்சேரிக்கு வந்து 'இந்தியா' பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். வாசகர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் இருந்தார்கள். பத்திரிகை அங்கே நுழையக் கூடாது என்று தடுத்தார்கள். 1910-ல் அது நின்றே போனது. எழுதுகிறவரும் படிக்க ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள், நடுவில் வழிதான் இல்லை.

இன்னொன்று பணம். நாம் கொடுக்கும் விலை அச்சுச் செலவுக்கே காணாது, விளம்பரம்தான் ஈடுகட்டும். அந்த விளம்பரம் இப்போது கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிறது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் காகித விலையும் ஏறியது.

போனை நான் குறை சொல்ல மாட்டேன். 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவு தாண்டி விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையில் இருக்கிறவர்களுக்கு அந்தச் செய்தி உயிர்ச் செய்தி. அந்நேரம் காலைப் பேப்பர் அச்சேறிக் கட்டாகியிருக்கும். போன்தான் சொன்னது. ஆனால் 2011 டிசம்பர் 30 தானே புயலில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. பேப்பர் கட்டு வந்து சேர்ந்த அன்று அப்பா வீடு வீடாகப் போடவில்லை. மரம் விழுந்து தெருவெல்லாம் அடைந்து கிடந்தது. டீக்கடை பெஞ்சில் நின்று ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி நாற்பது ஐம்பது பேர் கேட்டோம். எந்த ஊரில் எத்தனை பேர் செத்தார்கள், எங்கே முகாம், நிவாரணம் எப்போது என்று எல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்குப் பேப்பர் போவதில் உண்மையான பயம் மாவட்டப் பக்கத்தை நினைத்துத்தான். டெல்லிச் செய்தியும் சினிமாச் செய்தியும் எப்படியும் போனில் வந்துவிடும். நகராட்சியாக இருந்து மாநகராட்சியான எங்கள் ஊரில், கூட்டத்தில் எந்த வார்டு கவுன்சிலர் என்ன கேட்டார், எந்தச் சாலைக்கு டெண்டர் விட்டார்கள் என்று உட்கார்ந்து எழுதுவது மாவட்ட நிருபர்தான். அவருக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இல்லாமல் போனால் அந்தக் கூட்டம் கேட்பாரில்லாமல் நடக்கும்.

போன மாதம் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டப் போவதாக மாவட்டப் பக்கத்தின் மூலையில் ஆறு வரி வந்தது. படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பத்து நிமிஷத்தில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். வண்டிகளை முந்தின நாளே வெளியே எடுத்து நிறுத்தினார்கள். அந்தத் தெருவில் பேப்பர் வாங்குகிறவன் நான் ஒருவன்தான். எதிர்வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு தம்பி, உங்கப்பா இருந்தவரைக்கும் வாங்குனதுதானே" என்றார். ஏஜெண்டிடம் சொல்லியிருக்கிறேன். போட ஆள் கிடைத்ததும் ஆரம்பிப்பதாகச் சொன்னார். அதுவரை பஸ் ஸ்டாண்ட் கடையில் நானே இரண்டாக வாங்கி வருகிறேன்.